பின்பக்கம் போம்மா

அம்மாவுக்கு அறுபது வயது முடிந்தபோது சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஒரு நாள் தங்கவைக்க ஆசைப்பட்டேன். மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த ஆய்வு உதவித்தொகை ஒருவழியாக மொத்தமாக வந்திருந்தது. அறை வாடகை 9,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 11,210. அம்மாவிடம் பாதித் தொகைதான் சொன்னேன். திருச்சி மத்தியப் பேருந்து நிலையம் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பதினாறு வருடம் பெட்ஷீட் மாற்றி, கக்கூஸ் கழுவியவர் அவர். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 6,000.

நான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் செக்யூரிட்டி அம்மாவை நிறுத்தியிருந்தார். "வேலைக்குன்னா பின்பக்கம் போம்மா." அம்மா மறுபேச்சில்லாமல் ஒயர்கூடையோடு பின்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். அந்த வேகம்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

"இவங்க எங்க அம்மா, இங்க தங்க வந்திருக்கோம்" என்று கத்தினேன். மேலாளர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். சற்று நேரத்தில் அறைக்கு ஒரு பழத்தட்டு வந்தது.

அவர்கள் சாதி கேட்கவில்லையே என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். நூல்சேலை, ரப்பர் செருப்பு, கறுத்த மேனி: இதற்குமேல் எதைக் கேட்க வேண்டும்? 1917இல் பரோடாவில் பார்சி விடுதி ஒன்றில் நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுத வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். வாடகைப் பாக்கிக்காக அல்ல. பிறகு அவர் தலைமையில் வரைவான அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் கடை, உணவகம் ஆகியவற்றோடு ஹோட்டலும் இருக்கிறது. சாதியைக் காட்டி யாரையும் அங்கே தடுக்கக் கூடாது.

நான் இந்தச் சட்டத்தை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா அறை துடைக்க வந்த பெண்ணோடு பேச ஆரம்பித்திருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"திருவண்ணாமலை பக்கம், மேடம்."

"மேடமா!" அம்மா சிரித்துவிட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை ரூமு?"

"பதினாலு."

காண்ட்ராக்ட் வேலை. வந்து போவது பின்வாசலில்தான். விருந்தினர் லிஃப்டில் ஏறக் கூடாது. சிறுநீர் வந்தால் அடித்தளத்துக்கு இறங்கிப் போக வேண்டும். அதனால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். அம்மா ஆப்பிளை நீட்டி, உட்காரச் சொன்னார். அவர் ஆப்பிளை வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை.

மறுநாள் கிளம்பும் முன் அம்மா குளியலறைத் தரையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். தடுத்தேன். "அந்தப் புள்ளைக்கு ஒரு ரூமு குறையட்டும்" என்றார்.

ஊர் திரும்பும் பேருந்தில் ஹோட்டலுக்கு நீளமாக ஒரு புகார்க் கடிதம் எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'என் தாயைத் துப்புரவுத் தொழிலாளி என்று தவறாக நினைத்து அவமதித்தீர்கள்' என்ற இடத்தில் அம்மா நிறுத்தினார்.

"நான் பாத்த வேலைதானே தம்பி அது? அதுல என்ன அவமானம்?"

எனக்குப் பதில் வரவில்லை. சாதி பற்றி ஐந்து வருடமாக ஆய்வு செய்கிறேன். வாசலில் நான் போட்ட சத்தத்துக்கு என்ன அர்த்தம்? இவர் அந்த ஆள் இல்லை, முன்வாசலுக்கு உரியவர் என்பதுதானே? அப்படியானால் பின்வாசலுக்கு உரியவர்கள் என்று சிலர் இருப்பதை நானும் ஒப்புக்கொண்டேன். மேலாளர் மன்னிப்புக் கேட்டதும் ஆளை மாற்றி நினைத்ததற்காகத்தான். அந்த வாசலுக்காக அல்ல. செக்யூரிட்டி மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. யார் எந்த வழியில் போக வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வெயிலில் நிற்பதில்லை.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். உங்கள் ஊழியர்களுக்கு ஏன் தனி வாசல்? ஒருவருக்குப் பதினாலு அறை என்று முடிவு செய்தது யார்? ஒவ்வொரு மாடியிலும் கழிவறை இருக்க, அவர்கள் ஏன் அடித்தளத்துக்கு ஓட வேண்டும்?

மூன்றாம் நாள் பதில் வந்தது. இவை விருந்தினரின் வசதி தொடர்பான கேள்விகள் அல்ல என்றும், எங்கள் அறையில் ஏதேனும் குறை இருந்ததா என்றும் கேட்டிருந்தார்கள்.