கேசட் திருப்பிய நேரம்

பச்சை மையில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘ஆவணித் தபசு 87. நாயனம். அழிக்காதே.’ கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. எழுதியவர் என் தாய்மாமா. நாயனம் யார், தவில் யார், எத்தனையாம் திருநாள் என்பதெல்லாம் கிடையாது. கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயிலில் நடந்த கச்சேரி. 90 நிமிட கேசட். என் அலமாரியில் இருக்கும் நானூற்றுச் சொச்சம் நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் இதற்குத்தான் முதல் இடம்.

போட்டவுடன் நாயனம் வராது. முதலில் இரைச்சல், பிறகு பலூன்காரரின் பீப்பி, ராஜபாளையம் போகிற பஸ்ஸின் ஹாரன். அதற்குள் மாமாவின் குரல்: “ரெக்கார்டு ஆவுதாலே?” ஒரு சின்னப் பையன் பதில் சொல்கிறான்: “செவப்பு லைட்டு எரியுது மாமா.” அந்தப் பையன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகுதான் சுருதிப்பெட்டி, அதன்மேல் கல்யாணி.

இந்தப் பத்தியை ராக் கச்சேரிப் பதிவுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நாயனத்தில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ராக் இசைக்கு வழி காட்டியதே இந்தக் கேசட்தான்.

மூன்று நான்கு வருஷம் கழித்து, துபாயிலிருந்து வந்த சித்தப்பாவின் பெட்டியில் ‘மேட் இன் ஜப்பான்’ இருந்தது. டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17-ஆம் தேதி டோக்கியோவிலும் வாசித்ததிலிருந்து எடுத்துத் தொகுத்தது. வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரு பாட்டின் கடைசிப் பகுதியில் ரிட்சி பிளாக்மோர் கித்தாரில் ஒரு பிடி பிடிப்பார். இயன் கில்லன் அதை அப்படியே தொண்டையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பார். இவர் ஒரு படி ஏறினால் அவரும் ஏறுவார்; பிடி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கித்தார் எது, குரல் எது என்று பிரிக்க முடியாத இடத்துக்குப் போய்விடும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்ட மாமா சொன்னார்: “ரெண்டு நாயனக்காரங்க மாறி மாறி வாசிக்க மாதிரில்லா இருக்கு.”

அன்றைக்கு எனக்கு அந்த இசை அந்நியமாக இல்லாமல் போயிற்று. இந்த இசையைப் பற்றிப் பின்னால் எவ்வளவோ படித்துவிட்டேன். அந்த ஒரு வரியைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை.

அந்தத் தொகுப்பைக் குழுவினர் ஜப்பானுக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தார்கள். பதிவு செய்தவர் மார்ட்டின் பர்ச். எட்டுத் தடம் கொண்ட டேப் இயந்திரம். மொத்தம் ஏழே பாட்டு, அது இரண்டு இசைத்தட்டை நிறைத்தது. ‘ஸ்பேஸ் டிரக்கின்’ என்ற பாட்டு ஸ்டுடியோவில் நாலரை நிமிஷம். மேடையில் ஏறக்குறைய இருபது. நம் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கீர்த்தனை நாலு நிமிஷம்தான். ஆலாபனைக்கு அளவு வைத்தது யார்?

ஒருவர் வைத்தார் என்றால் அது இசைத்தட்டுக் கம்பெனிக்காரர். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம்தான் கொள்ளும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அதற்குள்தான் அடங்கி உட்கார வேண்டியிருந்தது. அவருடைய சீடர், எங்கள் சீமையின் காருகுறிச்சி அருணாசலம், 1921-இல் பிறந்து 1964-இல் போய்விட்டார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ‘சிங்காரவேலனே தேவா’ வழியாக நாட்டுக்கே அவரைத் தெரியும். அது 1962. ஆனால் அந்தப் பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து கேட்கிற காருகுறிச்சி வேறு. ராத்திரி முழுக்க ஒரு ராகத்தை வைத்துக்கொண்டு ஊரை உட்கார வைத்த காருகுறிச்சி வேறு. இரண்டாமவரை இன்று நாம் கேட்க முடிகிறதென்றால் வானொலிக்கும், கச்சேரிக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போன ரசிகர்களுக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும். ஸ்பூல் டேப் காலத்தில் அந்தப் பெட்டியைத் தூக்குவது நெல் மூட்டையைத் தூக்குவது மாதிரி.

அமெரிக்காவில் இப்படித் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஒரு தனிச் சாதியாகவே ஆனார்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற குழு 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள் செய்தது. ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984 அக்டோபரில், பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி டிக்கெட் போட்டு, ஒலிக்கலவை மேடைக்குப் பின்னால் இடமும் ஒதுக்கினார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: பதிவை விற்கக் கூடாது. வேண்டியவர் காலி கேசட்டையும் தபால் செலவையும் அனுப்பினால், வைத்திருப்பவர் பதிந்து அனுப்புவார். ஒரு பிரதியிலிருந்து அடுத்த பிரதி எடுக்கும்போதெல்லாம் இரைச்சல் கூடும். அதனால் ஒவ்வொரு கேசட்டும் மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை என்று எழுதி வைத்தார்கள். நம் கர்நாடக இசை ரசிகர்களிடமும் இதே பழக்கம் உண்டு. கச்சேரிப் பதிவுகளைக் கைக்குக் கை காசில்லாமல் மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். ‘சங்கீதப்ரியா’ தளம் அந்தப் பழக்கத்தின் நேர் வாரிசு. காசு உள்ளே வராததால்தான் இந்த இரண்டு கூட்டமும் இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தக் குழுவின் கச்சேரிகளை மேடையிலிருந்தே பதிந்த ஒரு பெண்மணி உண்டு, பெட்டி கேன்டர்-ஜாக்சன். 1977 மே 8-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் அவர் பதிந்ததைத்தான் பலரும் அந்தக் குழுவின் ஆகச் சிறந்த ராத்திரி என்கிறார்கள். பின்னால் அவருக்குக் கஷ்ட காலம். டேப் சுருள்களை அடைத்து வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்ட முடியவில்லை. 1986-இல் அத்தனையும் ஏலத்துக்குப் போயிற்று. ஏலத்தில் எடுத்தவர்கள் கையிலிருந்து சில சுருள்கள் பூஞ்சை பிடித்த நிலையில் மீண்டு வந்தன. கார்னெல் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-ஆம் ஆண்டுக்கான தேர்வாக இடம்பெற்றது. முறையான வெளியீடாக வந்தது 2017-இல், நாற்பது வருஷம் கழித்து. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பக்கத்து மாட்டுக்கொட்டகைப் பரண்களை நினைத்துக்கொண்டேன்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1969 ஆகஸ்ட் 15, உட்ஸ்டாக். ராக் உலகத்தின் திருவிழா என்றால் அதுதான். தொடக்க நாளில் அந்தப் பெருங்கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசியவர் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. அந்தப் பேச்சும் பதிவாகியிருக்கிறது. கொங்குச் சீமையில் பிறந்த குரல் ஒன்று அந்த ஒலிபெருக்கிகளில் நிதானமாக வருவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, பழைய பதிவைக் கணினியில் ஏற்றிச் ‘சுத்தம்’ செய்கிறவர்களிடம் எனக்கொரு சண்டை உண்டு. மெஷின் செய்த தப்பு வேறு, அந்த ராத்திரியின் சத்தம் வேறு. மாமாவின் ரெக்கார்டர் நாலு பாட்டரிக்கட்டையில் ஓடியது. கட்டை இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடிப் பதியும். அதையே வீட்டில் கரண்டில் போட்டால் வேகம் கூடி, சுருதி ஏறிவிடும். எங்கள் கேசட்டின் இரண்டாம் பக்கக் கடைசியில் நாயனம் அரைக் கட்டைக்கு மேல் எகிறி நிற்கிறது. வாசித்தவர் அப்படி வாசிக்கவில்லை. முதல் பக்கத்துச் சுருதிப்பெட்டியை அளவாக வைத்து நான் அதை இறக்கிச் சரி செய்தேன். அது அவருக்குச் செய்ய வேண்டிய கடமை. இன்னொரு தப்பைச் சரி செய்யவே முடியாது. அந்தச் சின்ன மெஷின்கள் சத்தத்தின் அளவைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தவில் ஓங்கி விழுந்தால் எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கும். ஓய்ந்தால் மூலையில் கிசுகிசுப்பதையும் தூக்கிக் கொடுக்கும். நல்ல தவிலை அது கெடுத்ததுபோல வேறெதுவும் கெடுத்ததில்லை என்று பல வருஷம் மெஷினைத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் பலூன் பீப்பியை எடுக்க மாட்டேன், பஸ் ஹாரனை எடுக்க மாட்டேன். பிள்ளையைத் தேடி யாரோ ஒரு அம்மா கூப்பிடுகிறாள், அவளையும் எடுக்க மாட்டேன். நாயனம் தெருவுக்கும் தேருக்கும் செய்த வாத்தியம். அது இந்தச் சத்தங்களுக்கு நடுவில் நின்று, இவற்றைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்றே உளியும் கடைசலும் பட்டு வந்தது. சத்தத்தைத் துடைத்துவிட்டால் எதைத் தாண்டி வாசித்தார் என்பதே தெரியாமல் போகும்.

ஊரில் நான் தேடிப் போன வீடுகளில் பாதி தேடல் ஒரே மாதிரி முடிந்தது. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் மேலே வேறு பதிய முடியாது. யாராவது அந்தப் பள்ளத்தில் காகிதத்தைத் திணித்துச் சினிமாப் பாட்டைப் பதிந்திருப்பார்கள். ஒரு கேசட்டில் சினிமாப் பாட்டெல்லாம் முடிந்து, மிச்சமிருந்த எட்டு நிமிஷத்தில் ஒரு வில்லுப்பாட்டின் மங்களம் வந்தது. கதை முழுக்க அழிந்து மங்களம் மட்டும் இருந்தது. வேண்டிக் கேட்கிறேன்: மைக்செட் போட்டவர் வீட்டிலோ, பரணிலோ, பித்தளை அண்டாவுக்குள்ளோ பழைய கேசட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தாலும் சுருளை வேறு கூட்டுக்கு மாற்றி, சுத்தம் செய்து, ஒரு தடவை ஓட்டிவிட முடியும். அந்த ஒரு தடவை போதும்.

என் கேசட்டுக்கு வருகிறேன். முதல் பக்கம் கல்யாணியின் நடுவில் அறுந்துபோகும். மேல் ஸ்தாயியை நோக்கி ஏறிக்கொண்டிருப்பார், டேப் முடிந்துவிடும். இரண்டாம் பக்கம் ஆரம்பிக்கும்போது கீழே நிதானமாக நிற்பார். நடுவில் என்ன செய்தார்? முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தை நானே மனசுக்குள் வாசித்துப் பார்த்திருக்கிறேன். மாமா போய்ச் சேர்ந்த பிறகு அது இன்னும் கூடியது.

போன மாதம் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்தார். அதே ஆவணித் தபசு, அதே கச்சேரி. அவரும் மேடைக்குக் கீழே ரெக்கார்டரை வைத்திருந்தாராம். “உங்க மாமாவுக்குப் பக்கத்துலதான் தம்பி” என்றார். அவர் இருபது நிமிஷம் பிந்தி ஆரம்பித்ததால் அவருடைய கேசட் வேறு இடத்தில் அறுகிறது. டெட் ரசிகர்கள் இப்படித்தான் ஒருவர் விட்டதை இன்னொருவர் பதிவிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள்.

ராத்திரி ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்த இடத்துக்கு ஓட்டினேன். ஏறினார், மேலே போய்ச் சட்டென்று நிறுத்தினார். சீவாளியை மாற்றுகிறார் போலிருக்கிறது. சுருதிப்பெட்டி மட்டும் ஓடுகிறது. நாயனம் ஓய்ந்ததும் மெஷின் தன் வழக்கப்படி சுற்றியிருந்த எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தது. பக்கத்தில் கேசட் மூடி திறக்கிற சத்தம் ‘டக்’கென்று கேட்டது. பிறகு தணிந்த குரலில் மாமா: “எலே, தூங்கிட்டியா? டார்ச்ச அடி, எந்தப் பக்கம்னு தெரியல.”