துயிலும் மடியும் ஒன்றல்ல

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதிகளிலே, உயர்தரப் பரீட்சை நெருங்குங்கால், நள்ளிரவிலும் விளக்கணையாத வீடே நல்ல மாணாக்கனின் வீடு எனப் போற்றப்படுகின்றது. விடியுமுன் தனியார் வகுப்பு. பாடசாலை முடிந்ததும் மீண்டும் வகுப்பு. இடையிலே கண்ணயரும் பிள்ளை பெறும் பட்டம் 'சோம்பேறி' என்பதே.

இக்கொள்கைக்கு வள்ளுவரையும் துணைக்கழைப்பர். கெடுவார் விரும்பி ஏறும் நான்கு மரக்கலங்களுள் துயிலையும் ஒன்றாக அவர் எண்ணினாரன்றோ என்பது இவர்தம் வாதம். எண்ணியது மெய்யே, ஆயின், 'மடியின்மை' என்னும் அதிகாரத்திலன்றோ எண்ணினார்! அவர் கடிந்தது மடியோடு கூடிய துயிலை. வளரும் உடல் வேண்டிநிற்கும் துயிலையன்று.

இவ்வேறுபாட்டை இன்று தெளிவுறுத்துவது, கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈ ஆகும். இவ்வீயும் உறங்குகின்றது என அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் இரண்டு 2000ஆம் ஆண்டில் நிறுவின. உறக்கம் கெடுக்கப்பட்ட ஈ, பின்னர் மிகுதியாக உறங்கி இழப்பை ஈடுசெய்கின்றது. ஈக்கு ஏது சோம்பல்? அது உடல் கேட்கும் கடனேயன்றி வேறன்று.

இஸ்வி என்னும் புரதம், டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் அமைப்பை மாற்றவல்லது. பரம்பரையலகின் எழுத்தைத் திருத்தாமலே அதன் வாசிப்பை ஆள்வது. வளர்ச்சிப் பருவத்தில் இப்புரதம் குறைக்கப்பட்ட ஈக்கள் முதிர்ந்தபின் துயில் குன்றின எனப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021இல் காட்டினர். முதிர்ந்தபின் மட்டும் குறைத்தபோது அக்கேடு நேரவில்லை. துயிலை ஆளும் மூளையமைப்பு இளமையிலேயே கட்டப்படுகின்றது என்பது இதன் பொருள். இளம் ஈக்களின் துயிலைக் கெடுத்தால், முதிர்ந்தபின் அவை துணைநாடும் திறனிற் குன்றும் என்பதும் 2014இல் அறியப்பட்டது.

ஈ வேறு, பிள்ளை வேறு எனச் சிலர் நகைப்பர். ஈயின் அளவைகளைப் பிள்ளைக்கு அவ்வாறே பொருத்தலாகாது என்பது உண்மையே. ஆயினும், 1971இல் ஈயிலே கண்டறியப்பட்ட நாட்கடிகாரப் பரம்பரையலகுக்கு மனிதரிலும் உறவுண்டு. மாலையிலேயே உறங்கி விடியுமுன் விழிக்கும் ஒரு குடும்பத்தாரிடம் அவ்வுறவலகின் பிறழ்வு 2001இல் காணப்பட்டது. துயிலின் நேரம் மன உறுதியால் மட்டும் அமைவதன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனவே, பிள்ளையின் துயிலைப் பறித்துப் புள்ளி தேடுவது கல்வித் தொண்டாகாது. விடியுமுன் தொடங்கும் வகுப்புகளை ஆசிரியர் கைவிடுக; அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்புதலைப் பெற்றோர் நிறுத்துக. மடியைக் கடிக, துயிலைக் கடியற்க.