ஆண்வழி மட்டும்தான் வம்சமா?

ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு ஆண்கள், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இருவருக்கும் பொதுவான ஒரு முப்பாட்டன் இருந்திருப்பாரா என்று முடிவு வருகிறது. ஒய் டிஎன்ஏ சோதனை என்று இதற்குப் பெயர். 'உங்கள் வேரைக் கண்டறியுங்கள்' என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு பெண் எவ்வளவு பணம் கட்டினாலும் தன் உடலிலிருந்து இதற்கு மாதிரி கொடுக்க முடியாது. அப்பாவையோ அண்ணனையோ தம்பியையோ கேட்டு நிற்க வேண்டும். வீட்டில் ஆண் இல்லையா, உனக்கு வேரும் இல்லை.

சோதனை வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது, பெரும்பகுதி மாறாமலே போகிறது. எப்போதாவது ஏற்படும் சிறு மாற்றங்களை எண்ணி, இரண்டு ஆண்களின் வழி எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் 2000இல் தன் பெயரையே இப்படிச் சோதித்தார். சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களில் 21 பேருக்கு ஒரே ஒய் அமைப்பு இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே சைக்ஸின் வழி இவர்கள் என்று அவர் முடிவுசெய்தார். பெயரும் தகப்பனிடமிருந்து மகனுக்கு, குரோமோசோமும் தகப்பனிடமிருந்து மகனுக்கு என்பதால் இரண்டும் சேர்ந்தே பயணிக்கும் என்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை.

புதுச்சேரியில் அந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். பெண்ணுக்கோ பல வீடுகளில் கல்யாணத்தன்றே மாறிவிடும். குடும்பப் பெயர் வைத்திருக்கும் பல வீடுகளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குக் காகிதம் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, முஸ்லிம் தனிநபர் சட்டங்களையும் சாதி வழக்கங்களையும் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர்கள், தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர்கள்தான் ரெனோன்சான்கள். இவர்களுக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அதற்கு வாசற்கதவு என்று பொருள். ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வரக் கூடாது என்று தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர் அவர்.

அப்படிப்பட்ட பெயரை இரத்தத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகள் இரண்டு பெயர்களை எழுதியிருக்கலாம். உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பெயரை எழுதியிருக்கலாம். அந்தப் பெயர் ஒரு முடிவு. சாதிப் பட்டத்தை விட்டு வெளியே வர நினைத்தவர்கள் பதிவேட்டில் இட்ட கையெழுத்து. அதை மறுபடி விந்துவின் வழியில் கட்டிப்போடுவது, அவர்கள் எதிலிருந்து வெளியே வந்தார்களோ அதற்குள்ளேயே அவர்களைத் திருப்பி அனுப்புவதாகும்.

அந்த ஆணையில் இன்னொன்றும் இருந்தது. துறப்பு மாற்ற முடியாதது. ஆண் துறந்தால் அவனுடைய மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து துறந்தவர்கள் ஆவார்கள். அவளுடைய சட்டம், அவளுடைய பெயர், அவளுடைய சொத்துரிமை எல்லாம் அவன் கையெழுத்தில் மாறின. சாதியைத் தாண்டிய அந்தத் துணிச்சலான ஆவணம்கூட ஆணைத் தாண்டவில்லை. ஒய் சோதனை இந்தப் பழுதை அப்படியே வாரிசாக எடுத்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உனக்குப் பெற்றோர் இருவர், அவர்களுக்கு நால்வர். இப்படியே பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள். ஒய் சோதனை அதில் ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறது. மீதி 1,023 இடங்கள் இருட்டில். அந்த ஓர் இடத்துக்குத்தான் வம்சம் என்று பெயர் வைக்கிறார்கள்.

இந்த இருட்டில் யார் நிற்கிறார்கள் என்பதற்குப் புதுச்சேரியிலேயே உதாரணம் உண்டு. பிரெஞ்சு அரசுக்கு வேலை செய்யவும் சொல்தாவாகவும் இந்தோசீனாவுக்குப் போன நம் ஊர் ஆண்கள் பலர், அங்கே வியட்நாமியப் பெண்களை மணந்து குடும்பத்தோடு திரும்பினார்கள். அந்த அம்மாக்களின் சமையலும் மொழியும் இந்த ஊரின் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அப்படி வந்த ஒருத்தியின் மகன்வழிப் பேரன் ஒய் சோதனை செய்தால், கடல் கடந்து வந்து அவனுடைய அப்பாவைப் பெற்று வளர்த்த பாட்டியின் தடயம் ஒரு துளியும் அதில் வராது. தாய்வழியாக மட்டும் போகும் மைட்டோகாண்ட்ரியா சோதனையிலும் அவள் வரமாட்டாள், ஏனென்றால் அவள் அப்பாவின் அம்மா. ஒற்றைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் எந்தச் சோதனையும் குடும்பத்தைச் சொல்லாது.

பெயர் ஒத்து, ஒய் ஒத்துப்போகாவிட்டால்? அதற்கு இந்தத் துறை வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு 'தந்தைமையில்லா நிகழ்வு' என்று பொருள். தத்துப்பிள்ளை இருந்திருக்கலாம். விதவை மறுமணம் செய்து, பிள்ளை புதுத் தகப்பனின் பெயரை ஏற்றிருக்கலாம். தாய்மாமன் வளர்த்திருக்கலாம். பண்ணையார் வன்கொடுமை செய்திருக்கலாம். ஆனால் முடிவு வீட்டுக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி எந்தப் பாட்டி 'தப்பினாள்' என்பதுதான். செத்து நூறு வருடம் ஆனவளைக்கூடக் கூண்டில் ஏற்றுகிற சோதனை இது.

இங்கே சட்டம் சோதனைப் பெட்டியைவிடக் கவனமாக இருக்கிறது. திருமண உறவு நிலவும்போது பிறந்த பிள்ளை அந்தத் தம்பதியின் பிள்ளையே என்று 1872இன் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் அனுமானித்தது. இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 116ஆம் பிரிவு. மனைவி மீதான சந்தேகத்தைத் தீர்க்கப் பிள்ளையின் டிஎன்ஏவை வழக்கமாகக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. தபாலில் வரும் பெட்டியைத் திறக்க எந்த நீதிபதியின் அனுமதியும் தேவையில்லை.

'அறிவியலுக்கு ஆண் பெண் தெரியாது, உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான்' என்பார்கள். சரி, உண்மையைப் பார்ப்போம். அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்தவர் சாலி ஹெமிங்ஸ். அவருடைய பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தகப்பன் என்று அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை தலைமுறைகளாகச் சொல்லிவந்தது. வரலாற்றாசிரியர்கள் பலர் நம்பவில்லை. 1998இல் சாலியின் மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசுக்கும் ஜெஃபர்சன் குடும்ப ஆண்களுக்கும் ஒய் ஒத்துப்போன பிறகுதான் காது கொடுத்தார்கள். சோதனை உதவியது, மறுக்கவில்லை. ஆனால் சாலிக்குப் பெண் பிள்ளைகள் மட்டுமே இருந்திருந்தால்? ஒய் வாயே திறந்திருக்காது.

இங்கிலாந்தில் 2012இல் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. அடையாளம் காட்டியது அவருடைய அக்காவிலிருந்து மகள், மகளுக்கு மகள் என்று இறங்கிவந்த தாய்வழி. ஆண்வழி உறவினர்களின் ஒய் ஒத்துப்போகவே இல்லை. பட்டமும் சிம்மாசனமும் ஆண்வழியில் போன குடும்பத்தில், பெயர் எழுதப்படாத மகள்களின் கோடுதான் அறுபடாமல் வந்திருந்தது.

இதில் நம் ஊருக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. சாதி. ஒய் பிரிவுகளின் எழுத்தையும் எண்ணையும் சாதிப் பெருமையாகச் சூட்டிக்கொள்ளும் ஆண்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பிரிவுகள் எந்தச் சாதிப் பெயரையும்விடப் பழையவை, பல சாதிகளிலும் பழங்குடிகளிலும் கலந்து கிடப்பவை. இந்தியாவில் சாதிக்குள் மட்டும் மணம் என்பது ஏறத்தாழ 70 தலைமுறைகளுக்கு முன் இறுகியது என்று 2016இல் வெளியான மரபணு ஆய்வு கணித்தது. இறுகியது என்றால் என்ன? அத்தனை தலைமுறைகளாகப் பெண்களைக் காவல் காத்தார்கள் என்று பொருள். 2003இல் விருத்தாசலம் அருகே கண்ணகியையும் முருகேசனையும் கொன்றது அந்தக் காவல்தான். 'தூய வழி' என்று ஓர் ஆண் தன் சோதனை முடிவைக் காட்டிப் பெருமைப்பட்டால், அவன் காட்டுவது அந்தக் காவலின் கணக்கேட்டை.

ஆகவே ஒய் சோதனை செய்யாதே என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்களுக்கு ஒரு பொதுத் தகப்பன்வழி உண்டா என்ற சின்னக் கேள்விக்கு அது விடை சொல்லும். அந்த விடைக்கு வேர், வம்சம், குடும்பம் என்று பெயரிட விடாதீர்கள். அண்ணனின் மாதிரியைக் கேட்டு யாராவது வந்தால், அம்மாவின் அம்மா பெயர் என்ன, அவளுடைய அம்மா எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள். பிரெஞ்சுக் காலத்து எத்தா சிவில் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயரோடு தாயின் பெயரும், அவள் பிறந்த வீட்டுப் பெயராகவே எழுதப்பட்டது. அந்தக் காகிதத்தில் அவள் இருக்கிறாள். அவளைப் படித்து, உங்கள் வீட்டுக் கொடிவழியில் எழுதுங்கள். அதற்கு எந்த ஆணின் எச்சிலும் தேவையில்லை.