திரும்பக் கேளுங்கள்
திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு பையரிடம் தொலைபேசியில் பேசும் இளம் மெர்ச்சண்டைசர்கள் பலர், புரியாவிட்டாலும் 'யெஸ்' சொல்லிவிடுகிறார்கள். திரும்பக் கேட்டால் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் தேவையே இல்லை. வழக்கமான தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும்; 'எஸ்', 'எஃப்' ஒலிகளைப் பிரித்துக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. ஆங்கிலேயருக்கே குழம்பும். விமானிகள் ஆல்ஃபா, பிராவோ என்று எழுத்துக்கூட்டுவதும், கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்வதும் இதுபோன்ற குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஃபிஃப்டீன் தௌசண்ட் பீஸா, ஃபிஃப்டி தௌசண்டா என்று இரண்டாம் முறை கேட்கும் பெண்ணை மேலாளர் முறைக்கக் கூடாது. எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லவும், போனை வைத்ததும் மின்னஞ்சலில் உறுதிசெய்யவும் மேலாளர்தான் அவரைப் பழக்க வேண்டும்.