விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்ற வேண்டுமா?

டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரை மாட்டியதும், “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார்கள். பணம் கொடுக்கும் முன், எந்தக் குறியீடு வந்தது என்று கேளுங்கள்.

புகைக்குழாயில் உள்ள இந்த சென்சார், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து இன்ஜின் கணினிக்குச் சொல்கிறது. அதை வைத்தே கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

பி0171 வந்தால், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். வெடித்த ரப்பர் குழாயோ, சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பி0135 வந்தால், சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு. ஃபியூஸ், வயர் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பல கார்களில், இன்ஜின் சூடானதும் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கும். கசிவு எதுவும் இல்லாமல் அது அசையாமல் நின்றால், சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் கெடும். அதன் விலை சென்சாரைவிடப் பல மடங்கு.