உள்ளப் பயிற்சி

பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் முக்கோணத்தின் பரப்பைக் கணக்கிடுவான்; ஆறுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வான்; தனிமங்களின் குறியீடுகளைத் தவறின்றி எழுதுவான். ஒருநாள் தேர்வு ஒன்றில் அவன் தவறிவிடுகிறான். மாலையில் வீட்டுக்குச் சென்று, "அப்பா, நான் தேர்வில் தவறிவிட்டேன்" என்று சொல்லவேண்டும். அவை நான்கே சொற்கள். பத்தாண்டுகள் மொழி கற்ற அவனுக்கு அந்த நான்கு சொற்களும் நாவில் எழவில்லை. தெருமுனையிலே நிற்கிறான், இருட்டும் வரையில் நிற்கிறான். விடைத்தாளை மடித்து மடித்துச் சட்டைப்பையின் அடியில் ஒளிக்கிறான். அவன் அறிவில் குறைந்தவனா? அல்லன். அந்த மாலைப்பொழுதை எதிர்கொள்ளும் முறையை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை, அவ்வளவே.

கணக்கைக் கற்பித்தோம், கணக்கில் தோற்ற பிறகு நிமிர்ந்து நடப்பது எவ்வாறு என்பதைக் கற்பிக்க மறந்தோம். மறந்த அந்தக் கல்வியே இன்று வாழ்க்கைத்திறன் பயிற்சி என்ற பெயரால் வழங்குகிறது. அது மனநலத்துக்கு எவ்வாறு துணைசெய்கிறது, எந்த அளவுக்குத் துணைசெய்கிறது, அதனை எம்முறையில் அளித்தல் வேண்டும் என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

மனநலம் என்பது துன்பமே இல்லாத நிலை அன்று. அத்தகைய நிலை மண்ணில் எவர்க்கும் வாய்ப்பதில்லை. துன்பம் வந்தபோதும் உண்ணவும் உறங்கவும் உழைக்கவும் பிறரோடு கலந்து பழகவும் இயலுமாயின், அதுவே மனநலம். அந்நலம் எந்த வயதில் மிகுதியாகக் குலைகிறது? மனநோய்களுள் ஏறத்தாழப் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை கண்டறியப்படாமலே போகின்றன என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 10 முதல் 19 வயது வரையுள்ள இளைஞருள் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகியிருக்கின்றனர் என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்பாகும். பதினான்கு வயதில் பிள்ளைகள் எங்கே இருக்கின்றனர்? பள்ளியிலே இருக்கின்றனர். ஆதலின், மருத்துவமனையின் வாயிலில் காத்திருப்பதினும் பள்ளியின் வாயிலில் தொடங்குவதே அறிவுடைமை.

இக்கருத்தை உட்கொண்டே உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத்திறன்கள் பத்தினை வகுத்துப் பள்ளிகளுக்கு அளித்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல் என்பன இரண்டு. கருத்தைத் தெளிவாகப் பரிமாறிக்கொள்ளுதல், பிறரோடு நல்லுறவு பேணுதல் என்பன இரண்டு. ஆராய்ந்து எண்ணுதல், புதுவழி காணுதல் என்பன இரண்டு. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல் என்பன இரண்டு. உணர்ச்சிகளை ஆளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்பன இரண்டு. பெயர்கள் புதியவை, பொருள் புதியதன்று. இன்சொல் பேசுதலுக்கும், சினம் அடக்குதலுக்கும், ஆராய்ந்து செயலில் இறங்குதலுக்கும், இடுக்கண் வந்தபோது மனம் அழியாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் நண்பனோடு சினந்து பிரிந்த மறுநாள் அவனிடம் என்ன பேசுவது என்று அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அறிந்திருத்தல் வேறு, பழகியிருத்தல் வேறு. நீந்தும் முறையை நூலில் படித்தவன் ஆற்றில் இறங்கினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

திறன்கள் உள்ளத்துக்கு எவ்வாறு வலிமை தருகின்றன? கவலையின் இயல்பை நோக்கினால் இது விளங்கும். கவலை என்பது பெரும்பாலும் ஒன்றாக வருவதில்லை. பலவாக ஒன்றுசேர்ந்து வருகிறது. கட்டவேண்டிய கட்டணம், தாயின் நோய், தோழியின் பாராமுகம், நாளைய தேர்வு ஆகிய எல்லாம் ஒரே மூட்டையாகி நெஞ்சின்மேல் அமர்கின்றன. அம்மூட்டையைத் தூக்க முயல்பவன் சோர்கிறான். அதனை அவிழ்த்து, இது ஒன்று, இது மற்றொன்று எனப் பிரித்துப் பார்ப்பவனோ, இவற்றுள் ஒன்றையாவது இன்று நகர்த்தலாம் என்று காண்கிறான். ஒன்றை நகர்த்தியபோது, தன்னால் இயலும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அந்நம்பிக்கையே அடுத்ததற்கு உரமாகிறது.

இஃது ஏட்டளவில் சொல்லும் கருத்து அன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தில் உள்ள ஜிம்பாப்வே நாட்டில் இது செயலிலே காட்டப்பெற்றது. அந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். மனநல மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி, பேருந்துக் கட்டணம் இல்லாமையால் மீண்டும் வர இயலாமற் போய் உயிரிழந்தாள். நோயாளர் மருத்துவரைத் தேடி வர இயலாதெனின், உதவி அவர்களுடைய தெருவுக்கே செல்லவேண்டும் என்று அவர் துணிந்தார். அனுப்புவதற்கு மருத்துவர் இல்லை, செவிலியருக்கோ ஓய்வில்லை. எஞ்சியிருந்தவர்கள் பாட்டிமார்களே. 2006ஆம் ஆண்டில், ஹராரே நகரின் ம்பாரே என்னும் பகுதியில், 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து அப்பணியைத் தொடங்கினார். மருத்துவ நிலையத்தின் முற்றத்தில், மரநிழலில், ஒரு மரப்பலகை இடப்பட்டது. அதற்கு நட்பு இருக்கை என்று பெயர்.

அந்நாட்டு ஷோனா மக்கள் மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை வழங்குவதில்லை. 'அளவுமீறி எண்ணுதல்' என்னும் பொருளுடைய தம் மொழிச் சொல்லையே வழங்குகின்றனர். அளவுமீறி எண்ணுகின்ற ஒருவர் அந்த இருக்கையில் பாட்டியின் அருகில் வந்து அமர்கிறார். பாட்டி அறிவுரை கூறுவதில்லை, முதலில் கேட்கிறார். வந்தவர் தம் இன்னல்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுமாறு பாட்டி வேண்டுகிறார். அதைத் தீர்க்க என்னென்ன வழிகள் உண்டு என்பதை வந்தவரே எண்ணிச் சொல்லவேண்டும். அவற்றுள் அவரால் இயன்ற வழி ஒன்றைத் தேர்ந்து, செய்து பார்த்து, மீண்டும் வந்து சொல்லவேண்டும். இவ்வாறு ஆறுமுறை வரையில் சந்திப்பு நிகழும். இதன் முதற்படியை 'மனத்தைத் திறத்தல்' என்று அவர்கள் அழைக்கின்றனர்.

இம்முறையின் பயனை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. ஹராரே நகரின் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேர் அவ்வாராய்ச்சியில் பங்குகொண்டனர். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு 50 பேர் அளவில் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருந்தனர். பாட்டிமார்களிடம் பயின்றோருள் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு 14 பேர் அளவினரே. பாட்டிமார்கள் அவர்களுடைய வறுமையைப் போக்கவில்லை. நோயுற்ற கணவனை எழுப்பவில்லை. வேலை வாங்கித் தரவில்லை. சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் திறனைப் பழக்கினர். அது பழகியதும் உள்ளத்தின் சுமை குறைந்தது.

பள்ளிகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளும் உண்டு. ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000க்கு மேற்பட்ட மாணவரிடையே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கே ஒரு சாரார்க்கு மனநலம் பற்றிய சுவரொட்டிகள் மட்டும் வகுப்பறையில் ஒட்டப்பட்டன. மற்றொரு சாரார், தம் வாழ்வில் நேரும் இக்கட்டுகளைத் தாமே நடித்துக் காட்டிக் கலந்து பேசினர். ஓராண்டுக்குப் பின், தம் உயிருக்குத் தாமே ஊறு செய்துகொள்ள முயன்றோர் தொகை, நடித்துப் பழகியோரிடம் மற்றவரினும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. சுவரிலே எழுதிய அறிவுரைக்கும், உடலும் உள்ளமும் ஈடுபட்டுப் பழகிய பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாக்குகிறது.

நம் நாட்டிலும் பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் வகுத்த திட்டத்தின் விளைவு 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டுப் பயிற்சி பெற்ற 605 மாணவரும் பயிற்சி பெறாத 423 மாணவரும் ஒப்பிடப்பட்டனர். பயிற்சி பெற்றோரிடம் தன்மதிப்பு உயர்ந்திருந்தது; இடரைச் சமாளிக்க இயலும் என்ற நம்பிக்கை மிகுந்திருந்தது; ஆசிரியரோடும் பள்ளியோடும் அவர்கள் நன்கு இணங்கி வாழ்ந்தனர். இவை பெரும்பயன்களே. ஆயினும் அவ்வாராய்ச்சி மற்றொன்றையும் மறையாமல் கூறியது. மனநோயின் அறிகுறிகளில் இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் இணங்கி வாழ்வதிலும் வேறுபாடு காணப்படவில்லை.

இந்தக் கடைசி முடிவைக் கண்டு சிலர், இப்பயிற்சியால் பயனில்லை என்பர். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. ஆனால், வாழ்க்கைத்திறன் கற்பித்தால் மனநோயே இராது என்று முழங்குவோரும் இதனை உணர்தல் வேண்டும். நடைப்பயிற்சி உடலை உரப்படுத்தும். முறிந்த எலும்பை அஃது ஒட்டவைக்காது. அதுபோலவே, ஆழ்ந்த மனச்சோர்வுற்றவனுக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். அவனிடம், "நீ திறமையோடு சமாளிக்கவில்லை" என்று கூறுதல் கொடுமை. பசித்தவனிடமும், அடிபட்டவனிடமும், சாதியின் பெயரால் இழிவு செய்யப்பட்டவனிடமும், "மன அழுத்தத்தைத் தாங்கப் பழகு" என்று மட்டும் சொல்லி அமைதல் அதனினும் கொடுமை. தாங்கும் திறனை வளர்ப்பதோடு, தாங்கவேண்டிய சுமையைக் குறைப்பதும் நம் கடமையாகும்.

பயிற்சியை அளிக்கும் முறையும் கருதத்தக்கது. மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி ஒன்றைப் பிரிட்டன் நாட்டில் 80க்கு மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கு மேற்பட்ட மாணவர்க்கு அளித்துப் பார்த்தனர். 2022ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு, வழக்கமான கல்வியினும் அது மேலான பயன் தரவில்லை என்பதே. அம்மாணவருள் பெரும்பாலோர் வீட்டில் அதனைப் பழகவில்லை என்பதும் தெரியவந்தது. வகுப்பறையில் கேட்டதோடு நின்ற திறன், திறனாக முதிர்வதில்லை. நம் நாட்டிலே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 2009ஆம் ஆண்டில் கொண்டுவந்து 2017ஆம் ஆண்டில் கைவிட்ட மதிப்பீட்டு முறையில், வாழ்க்கைத்திறன்களுக்கும் தரம் இட்டது. பிறர் துன்பத்தை உணர்தலில் ஒருவனுக்கு முதல் தரம், மற்றொருவனுக்கு மூன்றாம் தரம் என்று குறித்தால், அடுத்து நிகழ்வது யாது? தரத்துக்காக இரக்கம் காட்டும் பழக்கமே பிறக்கும். தவறு செய்தாலும் குறைமதிப்பு நேராத ஓர் இடம் பள்ளியில் வேண்டும். அதுவும் தேர்வாகிவிட்டால், தேர்வுக்கு அஞ்சுகின்ற பிள்ளை எங்கே செல்வான்?

ஆதலின் என் கருத்து இதுவே: வாழ்க்கைத்திறன் பள்ளிதோறும் பழக்கப்படல் வேண்டும், மற்றொரு பாடநூலாக அது திணிக்கப்படல் வேண்டா. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். அவ்வேளையில் கரும்பலகையும் குறிப்பேடும் வேண்டா. 'தேர்வில் தவறியதைத் தந்தையிடம் சொல்வது எவ்வாறு?', 'புகைக்க அழைக்கும் நண்பனிடம் நட்புக் கெடாமல் மறுப்பது எவ்வாறு?', 'தனித்து அமர்ந்திருக்கும் தோழியிடம் முதற்சொல் பேசுவது எவ்வாறு?' என்பவற்றை மாணவரே நடித்துப் பார்க்கட்டும், நகைத்து மகிழட்டும், திருத்திக்கொள்ளட்டும். ஆசிரியர் கேட்பவராக இருக்கட்டும். சினத்தை அடக்கும் முறையைக் காலையில் கற்பித்துவிட்டு, மாலையில் குறைந்த மதிப்பெண்களை உரக்கப் படித்து மாணவனை நாணவைக்கும் பள்ளியில், காலைப் பாடத்தை மாலைப் பாடம் அழித்துவிடும்.

பெற்றோர்க்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளை பேசப் பழகினால் மட்டும் போதாது. பெற்றோர் கேட்கப் பழகுதல் வேண்டும். வீட்டில் மாறுதல் காணாத பயிற்சி அரைப் பயிற்சியே. பள்ளியிலும் வீட்டிலும் சொல்ல இயலாத துயரம் உடையோர்க்கு வேறொரு வாயிலும் திறந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உதவி வேண்டுதல் கோழைமை அன்று. அதுவும் ஒரு வாழ்க்கைத்திறனே.

தெருமுனையில் நிற்கும் மாணவனை மறத்தல் ஆகாது. அந்த நான்கு சொற்களை அவன் முன்பே வகுப்பில் ஒருமுறை நடித்துச் சொல்லியிருந்தால், இன்று அவன் கால்கள் வீட்டை நோக்கி நடந்திருக்கும். நெஞ்சு படபடக்கும்; குரல் நடுங்கும்; ஆயினும் சொல்லியிருப்பான். அவன் தந்தையும் கேட்கப் பழகியவராயின், "வா, முதலில் சாப்பிடு, துணைத்தேர்வு இருக்கிறது, என்ன செய்யலாம் என்று பிறகு பார்ப்போம்" என்பார். தேர்வில் தவறியது தவறியதே. ஆயினும் அவ்விரவு அந்த வீட்டில் இருவரும் உறங்குவர்.