கேம்பஸ் உலா: கோபுரம் முறிந்த கல்லூரி... மூன்றே வாரத்தில் திரும்பிய மாணவர்கள்!

1998, மார்ச் 29. ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பீட்டர் என்ற சிறிய ஊர். வானம் இருண்டது. ‘டொர்னாடோ’ எனப்படும் சுழல்காற்று, ஒரு மைலுக்கும் அதிகமான அகலத்தில் ஊருக்குள் புகுந்தது. வீடுகளின் கூரைகள் பறந்தன.

ஊரை ஒட்டிய குன்றின்மேல்தான் குஸ்டாவஸ் அடால்பஸ் கல்லூரி இருக்கிறது. காற்று அதையும் விடவில்லை. வளாகத்தின் ஜன்னல் கண்ணாடிகளில் சுமார் 80 சதவிகிதம் நொறுங்கின. ஏறக்குறைய 2,000 மரங்கள் சாய்ந்தன. வளாகத்தின் நடுவே, தூரத்திலிருந்தே தெரியும் தேவாலயக் கோபுரம் முறிந்து விழுந்தது.

அன்றைய சுழல்காற்றுகள் அந்தப் பகுதியில் இரண்டு உயிர்களைப் பறித்தன. ஆனால், கல்லூரியில் உயிர்ச்சேதம் இல்லை. காரணம், வசந்தகால விடுமுறை! இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் படிக்கும் இடத்தில், அன்று பெரும்பாலான விடுதி அறைகள் காலி.

யார் கட்டிய கல்லூரி?

ஸ்வீடனிலிருந்து பிழைப்புத் தேடி மின்னசோட்டாவுக்கு வந்த விவசாயக் குடும்பங்கள் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவை. 1862-ல் எரிக் நொரேலியஸ் என்ற போதகர், அவர்களின் பிள்ளைகளுக்காக ரெட் விங் என்ற ஊரில் ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இடம் மாறி, பெயர் மாறி, 1876-ல் செயின்ட் பீட்டருக்கு வந்து கல்லூரியாக வளர்ந்தது. 17-ம் நூற்றாண்டில் ஸ்வீடனை ஆண்ட லுத்தரன் மன்னரின் பெயர்தான் கல்லூரிக்கும்.

வந்து இறங்கிய இடத்தில் முதலில் தேவாலயம், அடுத்து பள்ளிக்கூடம் என்பதுதான் லுத்தரன்களின் வழக்கம். அவர்களின் முன்னோடியான மார்ட்டின் லுத்தரே ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர்தானே! இன்று அமெரிக்காவில் இந்த மரபில் வந்த கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருபதுக்கும் மேல் இருக்கின்றன.

10 மணி இடைவேளை

குஸ்டாவஸில் ஒரு பழக்கம் உண்டு. வார நாள்களில் காலை 10 மணிக்கு வகுப்பு வைப்பதில்லை. அது தேவாலயத்தில் கூடும் நேரம். பாட்டு, ஜெபம், சின்னதாக ஓர் உரை... அவ்வளவுதான். கட்டாயம் எதுவும் இல்லை. விரும்பியவர்கள் போகலாம். மற்றவர்கள் நண்பர்களுடன் காபி குடிக்கலாம்.

டிசம்பரில் ஸ்வீடன் பாரம்பரியப்படி ‘லூசியா’ திருநாள் வரும். தலையில் மெழுகுவத்திக் கிரீடம் சூடிய மாணவி முன்னே நடக்க, தோழிகள் பாடிக்கொண்டே வருவார்கள். பனி கொட்டும் இருண்ட காலையில் அந்த வெளிச்சம் தனி அழகு.

இறைநம்பிக்கை இருக்கும் இடத்தில் அறிவியலுக்கு இடம் இருக்காதோ என்று நினைக்க வேண்டாம். 1963-ல் இங்கே நோபல் பெயரில் அறிவியல் கட்டடம் திறக்கப்பட்டபோது, நோபல் பரிசு வென்ற 26 பேர் வந்திருந்தார்கள். 1965 முதல் ‘நோபல் மாநாடு’ நடக்கிறது. உலகின் முன்னணி விஞ்ஞானிகள் பேசுவதை, பள்ளி மாணவர்களும் பொதுமக்களும்கூட வந்து கேட்கலாம்.

மூடுவதா, திறப்பதா?

இத்தனையும் நடந்த வளாகம்தான், அந்த ஞாயிறு மாலைக்குப் பிறகு கண்ணாடித் துகளும் முறிந்த கிளைகளுமாகக் கிடந்தது. பருவம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. ‘இந்த ஆண்டு போதும், ஊருக்குப் போங்கள்’ என்று சொல்லிவிடுவது சுலபம்.

ஆனால், அப்படிச் சொன்னால் கடைசி ஆண்டு மாணவர்களின் பட்டம் என்னாவது? போனவர்கள் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டால்? அடுத்த ஆண்டு சேரவேண்டியவர்கள், இடிபாட்டைப் பார்த்துப் பின்வாங்கினால்? மாணவர் கட்டணத்தை நம்பி நடக்கும் தனியார் கல்லூரிக்கு இது வாழ்வா சாவா கேள்வி.

கல்லூரி திறப்பது என்று முடிவெடுத்தது. தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மரங்களை அறுத்து அகற்றினார்கள், கண்ணாடியைப் பொறுக்கினார்கள். சேதமான கட்டடங்களுக்குப் பதிலாக, டிரெய்லர் வீடுகள் வந்து நின்றன. அவற்றிலேயே அலுவலகங்களும் வகுப்புகளும் நடந்தன. சுழல்காற்று அடித்த மூன்று வாரங்களில் மாணவர்கள் திரும்பிவந்தார்கள். அவர்கள் விட்டுப்போன நிழல் மரங்கள் இல்லை. கோபுரத்தின் உச்சி இல்லை. ஆனால், பாடம் நடந்தது.

இன்று...

கோபுரம் மறுபடியும் உயர்ந்து நிற்கிறது. புதிய கட்டடங்கள் வந்துவிட்டன. அன்று சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் இப்போது நிழல் தருகின்றன. அந்த நிழலில் நடக்கும் இன்றைய மாணவர்களில் பெரும்பாலானவர்கள், சுழல்காற்று அடித்தபோது பிறக்கவே இல்லை.

கட்டடமா கல்லூரி என்று கேட்டால், 1998-ல் டிரெய்லரில் உட்கார்ந்து படித்து முடித்தவர்கள் பதில் சொல்வார்கள். தூணும் கூரையும் போனாலும், ஆசிரியரும் மாணவரும் திரும்பி வந்துவிட்டால் கல்லூரி அங்கேயேதான் இருக்கிறது!